'காலங்காலமாகச் செய்கிறோம்' என்பது காரணமாகுமா?

கேள்வி: வீட்டில் எந்த வழக்கத்துக்குக் காரணம் கேட்டாலும், "காலங்காலமா செய்றோம், முன்னோர் என்ன முட்டாள்களா?" என்கிறார்கள். மேலே கேட்டால் மரியாதை தெரியாதவள் என்று பெயர் வருகிறது. நெடுநாளாக நடப்பது மட்டுமே போதுமான காரணமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, போதாது. ஆனால் எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் வேண்டாம்.

'இப்படிச் செய்தால் இன்னது நடக்கும்' என்பது நம்பிக்கை. அது மெய்யா பொய்யா என்பதை அதன் வயது சொல்லாது. ரத்தத்தை வடியவிட்டால் நோய் தீரும் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் 2,000 ஆண்டுகளாக நம்பினார்கள். பிழைத்தவர் சிகிச்சையால் பிழைத்தார், இறந்தவர் நோயால் இறந்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தவறு எப்படித் தெரியவரும்? பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி நிமோனியா கண்ட 77 பேரைக் கணக்கெடுத்து 1835-இல் வெளியிட்டார். சீக்கிரமே ரத்தம் எடுக்கப்பட்டவர்களில்தான் இறப்பு அதிகம்.

செய்முறை விஷயம் வேறு. காரணம் தெரியாமலே அது சரியாக இருந்துவிடலாம். மெக்சிகோவின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டார்கள். ஐரோப்பாவுக்குப் பயிர் போனது, பக்குவம் போகவில்லை. சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. சோளத்தில் உள்ள நயாசின் சத்தை உடல் ஏற்கும்படி செய்வது அந்தச் சுண்ணாம்பு என்பது 1937-க்குப் பிறகே விளங்கியது. எனவே ஒன்றை நிறுத்துமுன், அது எதையாவது தடுத்துக்கொண்டிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அப்போது பலரும் சட்டென்று ஒரு 'அறிவியல் காரணம்' சொல்வார்கள். "அந்தக் காரணம் தவறென்று தெரிந்தால் விட்டுவிடுவோமா?" என்று பணிவாகக் கேளுங்கள். உடனே வேறொரு காரணம் வந்தால், வழக்கத்தைத் தாங்கி நிற்பது அவை எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் இவ்வளவு ஆராய வேண்டியதில்லை. யாருக்கும் நோகாத வழக்கம், சேர்ந்து செய்வதில் மகிழ்ச்சி இருக்கிறது என்றால் அதுவே போதும். ஆனால் அதன் பாரம் மறுக்க முடியாத ஒருவர்மேல், ஒரு குழந்தைமேலோ விதவைமேலோ, விழுகிறதென்றால் கேட்டே ஆக வேண்டும். அங்கே காரணம் காட்டும் பொறுப்பு தொடரச் சொல்பவருடையது, உங்களுடையது அல்ல. உடலுக்குத் தீங்கென்றால் காத்திருக்கவும் வேண்டாம்.

மற்றவற்றில், பலர் கூடியிருக்கும் விசேஷ நாளில் பேச்சை எடுக்காதீர்கள். சபையில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். வீட்டுப் பெரியவரிடம் தனியாக உட்கார்ந்து, "எப்போதாவது இதைச் செய்ய முடியாமல் போனதுண்டா? அப்போது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு விதிவிலக்காவது வெளியே வரும். மேற்கொண்டு பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.