வாசகர் கேள்வி பதில்: சாரலுக்கு முன் கடைக் கணக்கு

கேள்வி: குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் விற்கும் சிறிய கடை நடத்துகிறோம். ஆண்டுதோறும் வைகாசியில் கடன் வாங்கிச் சரக்குப் போடுகிறோம். ஆவணி முடியும்போது வியாபாரம் நன்றாக நடந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் கையில் பணம் நிற்பதில்லை. இந்தச் சீசனுக்கு எப்படித் தயாராவது, ஐயா? (ஒரு வாசகி, இலஞ்சி)

பதில்: உங்கள் கடிதத்தில் சரக்குக் கணக்கு இருக்கிறது, வட்டிக் கணக்கு இல்லை. என்ன வட்டிக்கு வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதாததால், ‘பத்து வட்டி’ என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வீதம் 1 லட்சம் வாங்கினால், மூன்று மாதத்தில் வட்டி மட்டும் 30,000 ரூபாய். வாடகை, கூலி, எண்ணெய் எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் 20 ரூபாய் நிற்கிறது என்றால், அந்த வட்டியைக் கட்டுவதற்காக மட்டும் 1,50,000 ரூபாய்க்கு நீங்கள் விற்றாக வேண்டும். அதே தொகையை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வங்கியில் பெற்றிருந்தால், 90 நாளுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாயோடு முடிந்திருக்கும். அதீத வட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் எண்ணெய் டின் வாங்கச் சட்டம் பணம் தருவதில்லை, வட்டிக்காரர் தருகிறார் என்பதால்தான் அவரிடம் போகிறோம். ஆகவே வங்கிக் கடனுக்கான விண்ணப்பத்தைச் சித்திரை பிறப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ பிரிவிலும், அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவிலும் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும். மொத்தமாகக் கையில் வாங்கி மாதத் தவணை கட்டும் கடனைவிட, எடுத்த தொகைக்கு எடுத்த நாள்களுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் ஓவர்டிராஃப்ட் வசதியே சீசன் கடைக்குப் பொருந்தும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சரக்கு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வழக்கமான தேதி ஜூன் 1 என்றாலும், அருவியில் தண்ணீர் விழுவது மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது. தண்ணீர் கூடிவிட்டாலோ குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள், அன்றைய கூட்டம் அப்படியே திரும்பிவிடும். 2024 மே மாதத்தில், சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஓர் உயிர் போனதும் அருவிகளில் குளிக்கத் தடை வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். எனவே சரக்குக்கான பணத்தை மூன்று பங்காக்கி, முதல் பங்குக்கு மட்டும் முன்கூட்டியே சரக்குப் போடுங்கள்; இரண்டாவது பங்கை, முதல் இரண்டு வார இறுதிகளின் விற்பனையைப் பார்த்த பிறகு எடுங்கள்; மூன்றாவதைத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது. சாரல் காற்றில் சிப்ஸ் நமத்துப்போகும், நாள்பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மூட்டையில் கிடக்கும் சிப்ஸ் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பணம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் நேந்திரங்காய் விலை ஏறும். அந்த வாரங்களுக்கான விற்பனை விலையை இப்போதே தனியாகக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். ஆடியில் எழுதிய விலைப் பலகையை ஆவணியிலும் மாட்டி வைத்திருப்பதால் போகும் லாபம் கண்ணுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு நோட்டை எடுத்து, தடையாலோ தண்ணீர் இல்லாமலோ எத்தனை நாள் கடை காற்று வாங்கியது என்று எண்ணுங்கள். அத்தனை நாளுக்கான வாடகை, மின்கட்டணம், கூலி ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்த பிறகே சரக்குக்குக் கை நீட்ட வேண்டும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள் என்பதால், கூட்டம் அறவே இல்லாத காலம் மாசி முதல் வைகாசி வரைதான். அந்த மாதங்களின் வாடகைக்கும் குடும்பச் செலவுக்கும் ஒவ்வோர் இரவும் கல்லாவிலிருந்து ஒரு தொகையை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். க்யூஆர் அட்டையில் வரும் பணம் உங்கள் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் விழுகிறது என்றால், அதை முதலில் கடைக்கான நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். இரண்டும் கலந்து கிடக்கும்வரை லாபம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: பழக்கடை வைத்திருக்கிறேன். சீசனுக்காகப் பக்கத்திலேயே டீயும் பரோட்டாவும் போட நினைக்கிறேன். ஜிஎஸ்டியில் சிக்கல் வருமா? (ஒரு வாசகர், செங்கோட்டை)

பதில்: வரலாம், பார்த்துச் செய்யுங்கள். பொருள் விற்பனை மட்டும் செய்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். உணவு பரிமாறுவது சேவையாகக் கொள்ளப்படுவதால், அதைச் சேர்த்தவுடன் உங்கள் வரம்பு 20 லட்சமாகக் குறைந்துவிடும். பழக்கடை விற்பனையும் டீக்கடை விற்பனையும் ஒரே பான் எண்ணில் கூட்டப்படும், அதுவும் ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு ஆண்டுக்கும். தாண்டிவிடும் எனத் தெரிந்தால், சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். உணவகத்துக்கு விற்றுமுதலில் 5 சதவீதம், காலாண்டுக்கு ஒரு முறை கட்டினால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, ஆகவே பரோட்டாவின் விலையை வைக்கும்போதே அதையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். சீசனுக்கு வரும் முன்பணத்தைக் கொண்டே பெயின்ட் வேலையை முடித்துவிடலாமா? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: கூடாது. விருந்தினர் வந்து தங்கும்வரை அந்தப் பணம் உங்களுடையது அல்ல; அருவியில் தடை என்ற செய்தி வந்த அன்று பாதிப் பேர் திருப்பிக் கேட்பார்கள். எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, தொகையைத் தனிக் கணக்கில் வையுங்கள். பெயின்ட் வேலையைச் சென்ற சீசனின் மிச்சத்தில் செய்யுங்கள்; மிச்சம் இல்லையென்றால் இரண்டு அறைகளுக்கு மட்டும் இப்போது அடியுங்கள், மற்ற இரண்டும் கார்த்திகை வரை காத்திருக்கட்டும்.