மோவாப் பாதைகளை ஏன் மூடக்கூடாது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் மோவாப் ஊரைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். யூட்டாவின் செம்பாறைகளை அத்தனை ஆசையோடு எழுதிவிட்டு, கடைசியில் அங்குள்ள ஜீப் பாதைகளை மூடக்கூடாது என்று முடித்திருக்கிறீர்கள். இயற்கையை நேசிப்பவர் இன்ஜின் சத்தத்துக்குப் பரிந்து பேசலாமா? கொழுக்குமலைக்கு ஜீப்புகள் வரிசை கட்டி ஏறுவதை நாம் பார்க்கவில்லையா? ஆசைப்படுகிறவர்கள் நடந்து போய்ப் பார்க்கட்டுமே.

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மோவாபைச் சுற்றி இருப்பது வறண்ட பாலைநிலம். கோடையில் வெயில் சர்வசாதாரணமாக 38 டிகிரியைத் தாண்டும். வழியில் எங்கும் கடை கிடையாது, நிழல் அபூர்வம். குடிக்கும் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு நாள் முழுக்க நடக்க, உடம்பில் தெம்பு இருப்பவரால் முடியும். முட்டி தேய்ந்தவரும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும் என்ன செய்வார்கள்? பாதையை மூடினால் அவர்களுக்கு அந்த இடமே இல்லாமல் போய்விடுகிறது. அது பொதுநிலம். அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்புறம், இந்தப் பாதைகள் பொழுதுபோக்குக்காகக் காட்டை அழித்துப் போட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். அணு ஆயுதங்களுக்கு அமெரிக்க அரசு யுரேனியம் தேடிய காலத்தில் வந்தவை அவற்றில் பல. 1952இல் சார்லி ஸ்டீன் என்ற புவியியலாளர் மோவாபுக்குத் தென்கிழக்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்ததும், அந்தப் பகுதி முழுக்க ஆட்கள் புல்டோசர்களோடு இறங்கினார்கள். இன்று கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் எல்லோரும் வியக்கும் ஒயிட் ரிம் பாதையும் அப்படி வந்ததுதான். 1967இல் ஊர் வணிகர் சங்கம், ஈஸ்டரை ஒட்டி இந்தப் பாதைகளில் ஜீப் ஓட்டும் ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்ற விழாவைத் தொடங்கியது. பின்னாளில் சுரங்கத் தொழில் படுத்தபோது, அந்த ஊருக்குச் சோறு போட்டது இந்தப் பாதைகளைத் தேடி வந்த கூட்டமும்தான்.

நான் எதிர்ப்பது 2023 செப்டம்பரில் வந்த முடிவை. மோவாபுக்கு மேற்கே லேபிரிந்த் ரிம்ஸ் – ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில், சுமார் 3 லட்சம் ஏக்கரில், 317 மைல் பாதைகளை மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறை மோட்டார் வண்டிகளுக்கு மூடியது. 800 மைலுக்கு மேல் திறந்துதானே இருக்கிறது என்பார்கள். மைல் கணக்கு இங்கே உதவாது. கிரீன் ஆற்றோரமாகப் பழைய ஹே ஜோ சுரங்கத்துக்குப் போகும் பாதை மூடப்பட்டவற்றில் ஒன்று. அதற்கு மாற்றாக வேறெங்கோ இருக்கும் ஒரு மண்சாலையைக் காட்ட முடியாது. மோட்டார் பாதைகளைத் திறந்து வைக்கப் போராடும் ப்ளூ ரிப்பன் கூட்டமைப்பும் யூட்டா மாநில அரசும் இந்த முடிவை எதிர்த்து வழக்குப் போட்டன. சரியாகவே செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

மோட்டாரே போகாத இடம் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின் கீழ் அமெரிக்காவில் ஏறத்தாழ 11 கோடி ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதில் ஓர் ஏக்கரைக்கூடத் திறக்க வேண்டாம். நான் பேசுவது ஏற்கெனவே இருக்கும் பாதைகளைப் பற்றி.

பாதையை விட்டு வண்டியை இறக்குபவனுக்காக நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். அந்த மணலின் மேல் நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் பூஞ்சையும் பின்னிக் கருநிறத்தில் ஒரு மேலோடு படர்ந்திருக்கும். மண் காற்றோடு போகாமல் காப்பது அதுதான். ஒரு தடவை டயர் ஏறினால் அது பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே குறிக்கப்பட்ட பாதையில் மட்டும் ஓட்டு, மீறினால் கடுமையான அபராதம் கட்டு. இத்தகைய வண்டிகள் பற்றி 1972இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணையும் மண், தாவரம், விலங்கு இவற்றுக்குச் சேதம் குறையும்படி பாதைகளைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கத்தான் சொன்னது.

கொழுக்குமலை வேறு விஷயம். மழைமலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை அது. அங்கே எத்தனை ஜீப் போகலாம் என்பதை அந்த மண்ணையும் மழையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மோவாபை வைத்து நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்த மாட்டேன்.

சத்தம் பற்றி நீங்கள் சொல்வது நியாயமான குறை. கிரீன் ஆறு ஓடும் லேபிரிந்த் பள்ளத்தாக்கில் அமைதியாகப் படகில் வருபவருக்குக் கரையில் உறுமும் வண்டி தொந்தரவுதான். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இத்தகைய வண்டிகளுக்கு 96 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 1971இல் அங்கே வந்த சட்டத்தின்படி, வண்டிக்காரர்கள் கட்டும் பதிவுக் கட்டணமும் எரிபொருள் வரியில் ஒரு பங்கும் பாதைப் பராமரிப்புக்கும் காவலுக்கும் கெட்டுப்போன நிலத்தைச் சீராக்குவதற்கும் போகின்றன. ஆற்றோரப் பாதைகளிலும் முதலில் இதையெல்லாம் செய்து பார்க்கலாம்: சத்த வரம்பு, ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற அனுமதிச் சீட்டு, படகுகள் அதிகம் வரும் மாதங்களில் வாரத்தில் சில நாள் வண்டிக்குத் தடை. இத்தனையும் பலிக்கவில்லை என்றால், மூடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.