பதினாறு நாற்பத்தெட்டு ஆகுமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றியவை. பரணிலிருந்தோ சந்தையிலிருந்தோ எடுத்து வந்து, தாங்களே திறந்து ரேம் (தற்காலிக நினைவகம்) கூட்டப் போகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். கூட்டப் போய் மாட்டிக்கொண்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். குக்கர், மிக்ஸி கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிழக்கு லண்டன்): கார் பூட் சந்தையில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) 40 பவுண்டுக்கு ரப்பர் கீ வைத்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினி, 16கே (16 கிலோபைட் ரேம்) வகை வாங்கினேன். 48கே ஆக்க ஆசை. ஆன்லைனில் விற்கிற 'அப்கிரேட் கிட்' வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அதற்கு முன் உங்களிடம் இருப்பது உண்மையிலேயே 16கே தானா என்று பாருங்கள். 1982-இல் ஸ்பெக்ட்ரம் வந்தபோது 16கே 125 பவுண்டு, 48கே 175 பவுண்டு. வெளியே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சுவிட்ச் போட்டதும் இந்த மெஷின் தன் ரேமைத் தானே சோதித்துக்கொள்ளும். பழுதான இடம் வந்தால் அங்கேயே நின்று, அதற்குக் கீழே உள்ளதுதான் தன் சொத்து என்று எடுத்துக்கொள்ளும். 48கே மெஷினில் ரேம் கீழ் 16கே, மேல் 32கே என்று இரண்டு பகுதி. ஆகவே மேல் 32கே-யில் ஓர் ஐசி (சிப்) செத்தால், 48கே மெஷின் சத்தமில்லாமல் 16கே ஆகிவிடும். விற்றவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

PRINT PEEK 23732 + 256 * PEEK 23733 என்று அடியுங்கள், ரேம் எது வரை என்ற எண் திரையில் வரும். 65535 வந்தால் 48கே நலமாக இருக்கிறது. 32767 வந்தால் ஒன்று நிஜமான 16கே, இல்லை ஐசி செத்த 48கே. எது என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும். எட்டு சாக்கெட்டுகள் வரிசையாகக் காலியாக இருந்தால் அது நிஜம்.

திறக்கும்போது மேல்மூடியை வெடுக்கென்று தூக்காதீர்கள். கீபோர்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாடாக்கள் போர்டில் செருகியிருக்கும். நாற்பது வருடத்தில் காய்ந்த வாழைநார் மாதிரி ஆகியிருக்கும். நான் முதலில் திறந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகப் புது மெம்பிரேன் (நாடாக்களோடு சேர்ந்த கீபோர்டின் உள்தாள்) வாங்கினேன்.

போர்டில் எத்தனையாவது 'இஷ்யூ' (பதிப்பு) என்று அச்சிட்டிருக்கும். முதல் இஷ்யூவில் மேல் 32கே ஐசிகளுக்கு இடமே கிடையாது. அதற்குத் தனிக் குட்டிப் போர்டு வேண்டும், சாதாரண கிட் உதவாது. இரண்டு, மூன்று என்றால் மொத்தம் 12 ஐசி. எட்டு ரேம், கூடவே துணை ஐசிகளாக 74எல்எஸ்32 ஒன்று, 74எல்எஸ்00 ஒன்று, 74எல்எஸ்157 இரண்டு. கிட்டில் எட்டுதான் வருகிறது என்றால் மீதி நாலுக்கு இன்னொரு முறை கூரியர் காசு கொடுப்பீர்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (சென்னை): என் ஸ்பெக்ட்ரமில் கீழ் 16கே-யில் இரண்டு 4116 ரேம் ஐசிகள் போய்விட்டன. ரிச்சி தெருவில் 4164 கிடைத்தது. அதுவும் பதினாறு கால்தானே, அப்படியே செருகலாமா?

பதில்: கூடாது. 4116-இன் எட்டாவது காலுக்கு 12 வோல்ட் வரும். 4164 அந்தக் காலில் 5 வோல்ட்தான் தாங்கும். செருகிய நொடியில் காசு புகையாகிவிடும். அப்புறம், அந்த இரண்டும் ஏன் போயின என்று பார்த்தீர்களா? ஒன்றாவது காலில் -5 வோல்ட் வராமல் போனால் 4116 நிலைக்காது. அந்த மின்சாரத்தை உண்டாக்கும் இடத்தில் டிஆர்4 என்று ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது, முதலில் உயிர்விடுவது பெரும்பாலும் அதுதான். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது 4116 போட்டால் அதுவும் போகும்.

கேள்வி (குரோய்டன்): ஓர் இங்கிலாந்து ஆன்லைன் கடையில் 'ஒரிஜினல், சோதிக்கப்பட்டது' என்று போட்டிருந்த எட்டு ரேம் ஐசி, ஸ்பெக்ட்ரமின் மேல் 32கே-க்காக வாங்கினேன். ஐந்து வேலை செய்யவில்லை. கேட்டால் 'உங்கள் கையிலிருந்த ஸ்டேடிக்கில் (நிலை மின்சாரத்தில்) போயிருக்கும்' என்கிறார்கள். சால்டர்கூடப் பண்ணவில்லை, சாக்கெட்டில்தான் போட்டேன்.

பதில்: எட்டில் ஐந்தா? கையில் ஸ்டேடிக் இருந்ததோ இல்லையோ, கடைக்காரர் பேச்சில் நிறைய இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். கடை வியாபாரமாக நடத்துகிறவர் விற்ற பொருள் சொன்னபடி இல்லையென்றால், இங்கிலாந்தில் 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். 'மாற்றித் தருகிறோம்' என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பப் பெறக் கேளுங்கள்.

அடுத்து ஐசியைப் பார்ப்போம். பூதக்கண்ணாடியில் மேற்பரப்பைப் பாருங்கள். ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடுகின்றனவா? ஒன்றாவது காலைக் காட்டும் சின்னக் குழி பாதி தூர்ந்திருக்கிறதா? பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். எழுத்து மட்டும் அழிந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழைய மையும் அழியும். பஞ்சில் கரும்பூச்சு ஒட்டி வந்தால், குப்பைப் போர்டிலிருந்து பிடுங்கி, மேலே தேய்த்து, கறுப்படித்து, புதுப் பெயர் குத்திய சரக்கு அது. நாலிலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 8347 என்றால் 1983-இன் 47-ஆவது வாரம். எட்டும் ஒரே வாரத்துப் பிறப்பாக, நேற்று குளித்த மாதிரிப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். நான் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் ஒரு முறை பதினாறு வாங்கினேன். ஏழு தேறின. மீதி ஒன்பதும் மேசை டிராயரில் இருக்கின்றன. விற்றவர் அடுத்த வாரமே வேறு பெயரில் கடை போட்டிருந்தார்.

இதில் எனக்குக் கோபம் வருவது ஏன் தெரியுமா? அந்த ஸ்பெக்ட்ரமின் மேல் 32கே-யே பழுதான சரக்கில் செய்ததுதான். 64 கிலோபிட் ஐசி (எட்டு சேர்ந்தால் 64 கிலோபைட்) செய்யும்போது ஒரு பாதி சரியில்லாமல் போனவற்றை எறியாமல், நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தும்படி 32 கிலோபிட் என்று மலிவாக விற்றார்கள். சின்க்ளேர் அதை வாங்கிப் போட்டார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஐசியில் 4532 என்ற எண்ணுக்குப் பின்னால் 3 அல்லது 4 என்று இருக்கும், எந்தப் பாதி உயிரோடு இருக்கிறது என்று அதுதான் சொல்லும். எட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், போர்டில் ஒரு சின்னக் கம்பியை அதற்கேற்ப வைக்க வேண்டும். ஓட்டைச் சட்டியை 'ஓட்டைச் சட்டி' என்று எழுதியே விற்றார்கள், வாங்கியவரும் விலை குறைத்து வாங்கினார். இன்றைக்கு அதே சட்டியின் ஓட்டையைச் சாணி வைத்து அடைத்து, 'புத்தம் புதுசு' என்கிறார்கள். அந்த ஐந்து ஐசியையும் போட்டோ எடுத்து வையுங்கள். விடாதீர்கள்.

கேள்வி (கோவை): 'டெஸ்ட் செய்யவில்லை, உள்ளபடியே விற்பனைக்கு' என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஒரு தனிநபரிடம் 12,000 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஓடவில்லை. எந்தச் சட்டத்தில் கேஸ் போடலாம்?

பதில்: எந்தச் சட்டத்திலும் வேண்டாம். பவர் சுவிட்சை ஒரு முறை போட்டுப் பார்க்க நேரமில்லாதவர், எட்டுப் படம் எடுத்து ஏற்ற மட்டும் நேரம் கண்டுபிடித்திருக்கிறார். அப்போதே உங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். ஓடாத மெஷினின் விலைக்குக் கேட்டிருந்தால் பாவம் என்பேன். நீங்கள் ஓடுகிற மெஷினின் விலையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): கமடோர் 64 (இன்னொரு பழைய வீட்டுக் கணினி) ஒன்று பெட்டியோடு கிடைத்திருக்கிறது. அதோடு வந்த ஒரிஜினல் அடாப்டரையே போடலாமா?

பதில்: வேண்டாம். வயதானால் அதன் 5 வோல்ட் ஏறிக்கொண்டே போகும், முதலில் சாவது ரேம். புதிதாகச் செய்து விற்கும் அடாப்டர் வாங்குங்கள். ஒரிஜினலை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அழகுதான்.

கேள்வி (மதுரை): என் அப்பா 1980-களில் லண்டனிலிருந்து கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம். அவர் இப்போது இல்லை. ரேம் மாற்ற ஒருவரிடம் கொடுத்தேன், 4,500 ரூபாய் வாங்கினார். முன்பு கலர் கட்டங்களாவது வந்தன, இப்போது திரையே வரவில்லை. 'பழசும்மா, இப்படித்தான் இருக்கும்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐசி வரிசைக்குப் பின்புறம் மூன்று இடங்களில் செம்பு வட்டமே காணோம், ஒரு தடம் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) உரிந்து நிற்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்தாத சால்டரிங் அயர்னால் ஐசியை முழுதாக நெம்பியிருக்கிறார். ஒழுங்காகச் செய்கிறவர் ஐசியின் பதினாறு கால்களையும் கட்டரால் நறுக்கி, ஒவ்வொரு காலையும் தனியாகச் சூடாக்கி எடுத்து, துளையிலுள்ள ஈயத்தைச் சக்கரால் உறிஞ்சிவிட்டு, சாக்கெட் வைப்பார். செத்த ஐசியைக் காப்பாற்ற யாரும் போர்டைப் பலி கொடுப்பதில்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால், 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பணம் அனுப்பிய யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் போதும், அழித்துவிடாதீர்கள். கொடுக்கும் முன் கலர் கட்டங்கள் வந்ததைக் காட்டும் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

உரிந்த தடத்தை மெல்லிய கம்பியால் ஒட்டுப்போடலாம், போர்டு சாகவில்லை. வழக்கு முடியும்வரை யாரையும் அதைத் தொட விடாதீர்கள்.

கேள்வி (லெஸ்டர்): ஸ்பெக்ட்ரமுக்கு முந்தைய சின்க்ளேர் கணினியான இசட்எக்ஸ்81-க்கு 16கே ரேம் பேக் வாங்கினேன். மேசையை லேசாகத் தட்டினாலே அடித்த புரோகிராம் எல்லாம் போய்விடுகிறது. பேக் கெட்டதா, திருப்பி அனுப்பலாமா?

பதில்: 1981-லும் அப்படித்தான் ஆடியது. பின்னால் தொங்குகிற பேக், போர்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். பேக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் புளூ டாக் (சுவரில் படம் ஒட்டும் களிம்புப் பசை) உருண்டை ஒன்றை அழுத்தி வையுங்கள். மாட்டும்போதும் கழற்றும்போதும் பவரை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் ஆடினால் திருப்பி அனுப்புங்கள்.