மே மாதம் புக்கெட்டா, சாமுய்யா?

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். மே கடைசி வாரத்தில் குடும்பத்தோடு தாய்லாந்து போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், சுத்த சைவமான என் மாமியார். புக்கெட் - கிராபி பாக்கேஜ் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. சிமிலான் தீவுக்கும் ஒரு நாள் கூட்டிப் போவதாக ஏஜென்ட் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தாய்லாந்து போங்கள், ஆனால் அந்தக் கரைக்குப் போகாதீர்கள். கிழக்குப் பக்கம் உள்ள சாமுய் தீவுக்குப் போங்கள்.

சிமிலான் தீவுகள் தேசியப் பூங்கா. ஆண்டுதோறும் மே நடுவில் மூடி, அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். மே கடைசியில் உங்களை எப்படி அங்கே கூட்டிப் போவார் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே மீதி பாக்கேஜின் லட்சணமும் தெரிந்துவிடும்.

பாதி விலைக்குக் காரணம் மழை. புக்கெட்டும் கிராபியும் அந்தமான் கடல் பக்கம் இருப்பவை. மே நடுவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று நேராக அங்கேதான் மோதும். நம்மூரில் கேரளத்தை நனைத்துவிட்டு மதுரையைக் காயவிடும் அதே காற்றுதான். அங்கேயும் நடுவில் மலைத்தொடர் இருப்பதால், அதற்குக் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சாமுய்க்கு அந்த மழை அவ்வளவாக எட்டாது. அக்டோபரில் காற்று திசை மாறியதும் கதையும் மாறும். வடகிழக்குப் பருவமழை சென்னையைப் போலவே சாமுய்யையும் பிடித்துக்கொள்ளும். நவம்பரில் அங்கே கொட்டும். ஆகவே, கேரளத்துக்கு மழையென்றால் புக்கெட்டைத் தவிருங்கள். சென்னைக்கு மழையென்றால் சாமுய்யைத் தவிருங்கள்.

மழையை விடுங்கள், குடை பிடித்துக்கொள்ளலாம். கடல்தான் பிரச்சினை. பருவக்காற்றுக் காலத்தில் புக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளான படாங், கட்டா, கரோன் எல்லாவற்றிலும் கடலில் இறங்காதே என்னும் சிவப்புக் கொடி பறக்கும் நாட்கள் அதிகம். மேலே சாதாரண அலையாகத் தெரியும், கீழே நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துவிடும். 6 வயதுப் பிள்ளையைக் கடற்கரை வரை கூட்டிப் போய், தண்ணீரில் இறங்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதற்கா இவ்வளவு செலவு?

சாமுய்யில் வடகிழக்கு மூலையில் உள்ள சோயங் மோன் பக்கம் தங்குங்கள். சிறிய வளைவான கரை, அலை குறைவு, பிள்ளைகளுக்கு ஏற்றது. அதே தீவில் உள்ள சாவெங் கடற்கரைப் பக்கம் கடைத்தெருவும் இரவுச் சத்தமுமாக இருக்கும். ஒரு மாலை போய் வந்தால் போதும். மே மாதத்தில் வெயில் கடுமைதான், மாலையில் ஒரு மழையும் வரலாம். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சலுடை வாங்கிவிடுங்கள், வெயிலுக்கும் ஆகும், ஜெல்லி மீனுக்கும் ஆகும். அந்தக் கடலில் விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன் அபூர்வமாக வருவதுண்டு. கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவக் கூடாது; வினிகர் ஊற்றிக்கொண்டே உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பல கடற்கரைகளில் வினிகர் பாட்டிலைக் கம்பத்திலேயே மாட்டி வைத்திருப்பார்கள்.

ஆங் தாங் கடல் பூங்காவுக்கு ஒரு நாள் படகில் போய் வரலாம். அங்கே மரகதப் பச்சையில் ஓர் உப்பு நீர் ஏரி உண்டு. ஆனால் செங்குத்தான படிகள் ஏற வேண்டும், மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அந்தப் பயணம் தோதுப்படாது.

பயணத்தில் பலர் கோட்டை விடுவது பாங்காக்கில். அங்கே இரண்டு விமான நிலையங்கள். சென்னையிலிருந்து மலிவு டிக்கெட்டில் போனால் டான் முவாங்கில் இறக்கிவிடக்கூடும். சாமுய் விமானமோ சுவர்ணபூமியிலிருந்து கிளம்பும். நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டும் ஒரே நிலையத்தில் அமையும்படி டிக்கெட் போடுங்கள். சாமுய்க்கு விமானக் கட்டணம் கூடுதல். அது கட்டுப்படியாகாவிட்டால் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள சூரத் தானி வரை விமானம், அங்கிருந்து பேருந்து, பிறகு டோன்சாக் துறையிலிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல் என்றும் போகலாம். பணம் மிச்சம், ஆனால் அரை நாள் போய்விடும். வயதானவரும் குழந்தைகளும் இருப்பதால் நான் விமானத்தையே சொல்வேன்.

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் முன் தூதரக இணையதளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் கட்டாயம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

அப்புறம் மாமியார் சாப்பாடு. வெறும் காய்கறிப் பொரியல் கேட்டாலும் மீன் சாஸ், சிப்பி சாஸ் ஊற்றித்தான் தருவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. ‘ஜே’ என்று கேளுங்கள், அங்கே சுத்த சைவத்துக்கு அதுதான் பெயர். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தாக இருக்கும், படத்தைப் போனில் வைத்துக்கொண்டு காட்டலாம். அதில் மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு கூட இருக்காது. சாவெங்கில் இந்திய உணவகங்களும் உண்டு. இருந்தாலும் சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்து, அரிசியை அங்கே வாங்கிக்கொண்டு, பருப்புப் பொடியும் ஊறுகாயும் இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள். மங்குஸ்தான், ரம்புத்தான் சீசனும் அப்போதுதான். துரியனை மட்டும் கடையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். பல விடுதிகளில் அதை அறைக்குள் விடமாட்டார்கள், மீறினால் அபராதம்.