அம்மம்மாவின் கையளவும் மகளின் தராசும்

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை என்னிடம் ஆலோசனை கேட்க வந்து, உங்கள் மகளின் உயர்தரப் பெறுபேற்றை என் மேசையில் வைத்துவிட்டு, "வணிகப் பிரிவில் இவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன், வீடியோ எடுக்கப் போகிறேன் என்கிறாளே, இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

அவள் காட்டிய கொப்பியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்நேரம் தொலைபேசியில் அவளுடைய அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒடியற்கூழுக்கு, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழுக்கு, இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். மாவை ஊறவிட்டுக் கசப்பு நீரை வடிப்பது, நண்டும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் எந்த வரிசையில் பானைக்குள் போகின்றன என்பது, எல்லாம் இருக்கிறது. அம்மம்மா "ஒரு கை மா" என்று அள்ளியதும் அந்தக் கையை மறித்து, தராசில் போட்டு, கிராமில் குறித்திருக்கிறாள். அதற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறாள்: "பனையோலைப் பிளாவில் குடிக்காத கூழ் கூழா என்று அம்மம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறார். வெள்ளவத்தையில் பனையோலைக்கு எங்கே போவது? எவர்சில்வர் பேணியில் குடித்தோம். வாசம் லிஃப்டுக்குள் போய், நாலாம் மாடி அன்ரி வந்து கதவைத் தட்டினார்."

கூழுக்குச் செய்முறை சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். லிஃப்டில் ஏறிய வாசம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ஒரு குறையும் சொன்னேன், முகம் வாடிவிட்டது. பல பக்கங்களில் அம்மம்மாவின் கிணற்றடியையும் பனங்காணியையும் தான் வளர்ந்த இடம்போல எழுதியிருக்கிறாள். அது அம்மம்மாவின் ஊர். இவளுடைய ஊர், யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும் ஒடியல் மாப் பொதிக்காக விடியற்காலையில் அப்பா போய் நிற்கும் கொழும்புக் காலி வீதி. சமையற்கலைஞர் சிந்தியா சண்முகலிங்கம் பிறந்தது இங்கிலாந்தின் கொவென்ட்ரியில். இலங்கைச் சமையல் பற்றிய அவருடைய நூல் 2022இல் வந்தது, மறு ஆண்டே லண்டனில் உணவகம் திறந்தார். எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் குடும்பத் தொழிலான முடிதிருத்தும் கடையில் நின்றபடியே சிறுகதை எழுதினார்; 1966இல் அவர் தொடங்கிய மல்லிகை இலக்கிய இதழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. இருவரும் தாங்கள் நின்ற இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

இனிப் பணம். யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், வழமையான நீள வீடியோக்களென்றால் ஓராண்டுக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதை எட்டினாலும் உடனே சம்பளம்போல வந்துவிடாது. ஆகவே கணக்கியலை விடச் சொல்லவே மாட்டேன். நன்றாகச் சமைப்பவர்கள் கடை திறந்து, ஒரு தட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் மூடியதைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்கத்தானே போகிறாள்? கொழும்பிலுள்ள இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமா தமிழிலும் இருக்கிறது. கைத்தொழிலாகச் சமையலைப் படிக்க விரும்பினால் கொள்ளுப்பிட்டியில் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. இரண்டில் எது என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். சமையலுக்கு அவளுக்கு வீட்டிலேயே ஆசிரியர் இருக்கிறார். அவள் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் வெட்டத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கொப்பியின் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது: தமிழர்களுக்கெதிரான 83 ஜூலைக் கலவரத்தில், அடுப்பில் சோற்றை வைத்தபடியே அம்மம்மா வீட்டை விட்டு வெளியேறிய நாள். அரைப் பக்கத்தோடு நிற்கிறது. "அதற்கு மேல் அம்மம்மா பேசவில்லை" என்று முடித்திருக்கிறாள். இதை வெளியிடலாமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அதில் உரிமையில்லை என்றேன். வீட்டுக் கதை எழுதுபவர்கள் எல்லோருக்கும் இந்த இடம் வரும், பலர் கேட்காமலே தாண்டிவிடுகிறார்கள். உங்கள் மகள் கேட்கிறாள். அந்தப் பக்கத்தை நீங்கள் முதலில் வாசியுங்கள், பிறகு மூன்று பேரும் இருந்து பேசுங்கள். அம்மம்மா வேண்டாம் என்றால் அது கொப்பியிலேயே இருக்கட்டும்.

புதுக் கமரா இப்போது வேண்டாம், கைத்தொலைபேசியே போதும். அடுத்த மாதம் அவளைத் தனியாக அனுப்புங்கள், கொப்பியோடு.