வேலூரில் கிடைக்கும் மீனை வைத்து, வயிறு நிறையும்படி மீன் சௌடர் வீட்டில் செய்ய முடியுமா? பாலும் மீனும் சேரலாமா?

தாராளமாகச் செய்யலாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் காட், ஹேடாக் போன்ற கடல் மீன்களைப் போட்டுச் செய்கிற கெட்டியான சூப்தான் சௌடர். நமக்கு அந்த மீன் தேவையில்லை. வெள்ளைச் சதை, குறைந்த முள், இது போதும்.

நம் ஊருக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வந்து சேர்கிறது. அதனால் உயிரோடு விற்கிற விராலையே வாங்குங்கள். நல்ல கொடுவா கிடைத்தால் அதுவும் அருமை. சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் வங்காளிகள் விரும்பி வாங்கும் ரோகு, கட்லா குழம்புக்குச் சரி, இதற்கு வேண்டாம். சதைக்குள் ஓடும் நுண்முள் சூப்பில் தொண்டையைப் பதம் பார்க்கும்.

நான்கு பேருக்கு 1 கிலோ முழு மீன். வழுவழுப்புப் போகக் கல் உப்பு மட்டும் போட்டுத் தேயுங்கள். வழக்கம்போலப் புளியோ எலுமிச்சையோ தேய்த்தால், அந்தப் புளிப்பு பின்னால் பாலைத் திரித்துவிடும். தலையையும் நடுமுள்ளையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், சௌடரின் உயிரே அதில்தான். செவுளை மட்டும் எடுத்துவிட்டு, முக்கால் லிட்டர் தண்ணீர், பிரிஞ்சி இலை, பத்து மிளகு சேர்த்துச் சிறு தீயில் 25 நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். அதற்கு மேல் கொதித்தால் கசப்பு ஏறும்.

அப்புறம் 50 கிராம் வெண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, 400 கிராம் உருளைக்கிழங்கை அரை அங்குலத் துண்டுகளாகப் போட்டு, மீன் சாற்றை ஊற்றி வேகவிடுங்கள். வெந்த கிழங்கில் ஒரு கைப்பிடி அளவை மசித்து அதிலேயே கலந்தால் கெட்டியாகிவிடும். சோளமாவு போடுகிறவர்கள் பலர் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. மீனின் ருசியை அது மழுங்கடிக்கிறது.

இப்போது உப்பு போட்டு, மீனைப் பெரிய துண்டுகளாக இறக்கி, மூன்று நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடுங்கள். அந்தச் சூட்டிலேயே மீன் வெந்துவிடும். பத்து நிமிடம் கழித்து, கொழுப்பெடுக்காத பால் 400 மில்லியைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். கிரீம் அவசியமில்லை. பால் சேர்ந்த பிறகு கொதிக்கவே கூடாது. அரை மணி நேரம் ஊறினால் ருசி கூடும். மறுபடி சூடாக்கும்போதும் சிறு தீதான்.

மேலே மிளகுத்தூள், தொட்டுக்கொள்ள டீக்கடைப் பொறை. 1751-இல் பாஸ்டன் செய்தித்தாளில் வந்த பழைய சௌடர் குறிப்பில் பாலும் கிடையாது, கிழங்கும் கிடையாது. மீனோடு கெட்டி பிஸ்கட்டைத்தான் அடுக்கினார்கள். பொறை அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

பாலும் மீனும் சேர்ந்தால் வெண்படை வரும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கலாம். வெண்படை, உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலின் நிறச் செல்களைத் தாக்குவதால் வருவது. இந்தச் சாப்பாட்டால் வருவதல்ல. பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் மட்டும் தவிர்த்தால் போதும். அப்படியும் பெரியவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால், பால் ஊற்றும் முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கிழங்கு கலந்த அந்த மீன் சாறே நல்ல சாப்பாடு.