‘தெருப் பெயரே தப்பு, மீதியை எப்படி நம்புவது?’

வேலூர் வட்டாரச் செய்திகளை 26 வருடம் எழுதியவன் நான். பத்திரிகைக்காரர்களை ஏன் நம்ப வேண்டும், நம்பும்படி அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று வாசகர்களும் இளம் நிருபர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். திட்டி எழுதியவர்களின் கேள்விகளையும் விடவில்லை.

காட்பாடி, இதழியல் மாணவி: சார், வாசகர் நம்பிக்கையைப் பெற முதலில் என்ன செய்ய வேண்டும்?

தெருப் பெயரைச் சரியாக எழுதும்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரங்காபுரத்தில் நடந்த விபத்தை அலமேலுமங்காபுரம் என்று போட்டால், சென்னை டெஸ்க்கில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தினமும் அந்த வழியாக டவுன் பஸ்ஸில் போகிறவர் உடனே பிடித்துவிடுவார். தெருப் பெயரே தப்பு, மீதியை எப்படி நம்புவது என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவார். டெல்லிச் செய்தியை அவரால் சோதிக்க முடியாது. நம் செய்தியை டீக்கடையிலேயே சோதித்துவிடுவார். பெயர், இனிஷியல், வயது, தெரு நான்கையும் சம்பந்தப்பட்டவரிடமோ வீட்டாரிடமோ ஒருமுறை படித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிடம் கூட ஆகாது.

குடியாத்தம், பகுதி நேர நிருபர்: அண்ணா, இன்னொரு டிவி பிளாஷ் போட்டதும் ‘நம்மகிட்ட ஏன் இல்லை’ என்று ஆபீஸிலிருந்து போன் வருகிறது. சரிபார்க்க நேரம் எங்கே?

உங்கள் கஷ்டம் புரிகிறது தம்பி. ஒரு பழைய கதை சொல்கிறேன்.

2016 பிப்ரவரி 6. நம் மாவட்டத்து நாட்றம்பள்ளி *(திருத்தம்: அன்று வேலூர் மாவட்டம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். கடைசிக் கேள்வியைப் பாருங்கள்)* அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பஸ் டிரைவர் ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தனர். தரையில் சின்னதாக ஒரு பள்ளம், கட்டிடத்தில் உடைந்த கண்ணாடிகள். விழுந்தது விண்கல் என்று பேச்சு கிளம்பியது. நிவாரணம் அறிவித்த அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கையிலும் விண்கல் என்றே இருந்தது. அவ்வளவுதான், விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. சில நாளில் நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, இது தரையில் நடந்த வெடிப்பைப் போல இருக்கிறது, வானத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை என்றார்கள்.

முதல்வரின் அறிக்கையைச் செய்தியாகப் போட்டதில் குற்றமில்லை. ஆனால் ‘விண்கல் விழுந்தது என்று முதல்வர் அறிக்கை’ என்பது ஒன்று, ‘விண்கல் விழுந்து டிரைவர் பலி’ என்பது வேறு. முன்னதில் சொன்னவர் யார் என்று இருக்கிறது. பின்னதில் நாமே சாட்சி சொல்கிறோம். அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்த நிருபர்களில் எத்தனை பேருக்கு வானியல் தெரியும்?

ஆக, பிளாஷ் போட வேண்டியிருந்தால் போடுங்கள். ‘வெடிப்பு, ஒருவர் பலி, காரணம் இன்னும் தெரியவில்லை’ என்று போடுங்கள். நாளைக்கு அதில் எதையும் திரும்பப் பெற வேண்டியிருக்காது. ஆபீஸிலிருந்து திட்டுவார்கள், நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, தவறு செய்தால் உங்கள் பத்திரிகைகள் ஒழுங்காகத் திருத்தம் போடுவதில்லையே?

உண்மைதான் ஐயா. என் தவறையே சொல்கிறேன். பல வருடம் முன்பு, மோசடி வழக்கில் கைதான ஒருவரின் பெயரோடு தெருவை மாற்றிப் போட்டுவிட்டேன். அந்தத் தெருவில் அதே பெயரில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் அன்று காலையே கடை வாசலில். செய்தி வந்தது இரண்டாம் பக்கம், நான்கு பத்தி அகலத்தில். திருத்தம் வந்தது மூன்று நாள் கழித்து, உள்ளே டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரி. அவர் என்னைத் தேடி வந்து சத்தம் போடவில்லை. “திருடன்னு சொல்றப்ப பெரிய எழுத்து, இல்லைன்னு சொல்றப்ப சின்ன எழுத்தா சார்?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் அந்த நான்கு வரியை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, கடை ஷட்டரில் தானே ஒட்டிக்கொண்டார். நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

தவறு வந்த பக்கத்திலேயே திருத்தமும் வர வேண்டும். ‘வருந்துகிறோம்’ மட்டும் போதாது, எது தவறு, எது சரி என்று சொல்ல வேண்டும். வாசகர் புகாரை விசாரிக்கவே தனியாக ஓர் ஆசிரியரை ‘தி இந்து’ 2006இல் நியமித்தது. மாவட்டப் பதிப்புகளுக்கு அந்த வசதி இல்லை என்றால், புகார் சொல்ல ஒரு போன் எண்ணாவது பத்திரிகையில் இருக்கட்டும். அதை யாராவது எடுக்கவும் வேண்டும்.

வேலூர், இல்லத்தரசி: வாட்ஸ்அப்பில் முதலிலேயே வந்துவிடுகிறதே, பேப்பர் எதற்கு?

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது நினைவிருக்கிறதா அம்மா? 1989 வரை அதுவும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான். குலதெய்வம் கும்பிட வந்த சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். வாட்ஸ்அப்பில் வாரக்கணக்காக ஓடிய வதந்திதான் அடித்தவர்களின் தலையில் இருந்தது. அதே வருடம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இதில் எங்கள் பங்கும் உண்டு. ‘பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாட்டமா? மக்கள் பீதி’ என்று கேள்விக்குறி போட்டு எழுதுவதும் வதந்தியைப் பரப்புவதுதான். அந்த வாரம் எந்தக் காவல் நிலையத்திலாவது குழந்தை காணவில்லை என்று புகார் பதிவாகியிருக்கிறதா? அதைக் கேட்டு எழுதியிருந்தால் பேப்பருக்கு வேலை இருந்திருக்கும்.

வாணியம்பாடி, யூடியூப் சேனல் நடத்துபவர்: பிரஸ் மீட்டில் பணம் வைத்த கவர் கொடுக்கிறார்கள். எல்லோரும் வாங்குகிறார்கள் அண்ணா.

தெரியும். பல பகுதி நேர நிருபர்களுக்குச் சம்பளமே கிடையாது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு விளம்பரம் பிடித்து வா என்கிறார்கள். அந்த நிர்வாகங்களைக் கேட்காமல் உங்களை மட்டும் கேட்பது நியாயமில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். சேனலுக்குப் பணம் வேண்டுமென்றால் வெளிப்படையாக விளம்பரம் வாங்குங்கள், ‘விளம்பரம்’ என்று வீடியோவின் ஆரம்பத்திலேயே போடுங்கள்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலைத் தொழிலாளி: முதலாளி விளம்பரம் கொடுக்கிறார். எங்கள் பக்கத்தை எப்படி எழுதுவீர்கள்?

இந்தக் கேள்விக்கு நெளியாமல் பதில் சொல்ல எங்களில் பலரால் முடியாது. பாலாற்று மாசு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். அன்று எல்லாப் பேப்பரும் எழுதியது. அதற்கு முந்தைய மாதங்களில் அந்தத் தொட்டியைப் போய்ப் பார்த்த நிருபர் யார்? நான் போகவில்லை.

உங்களைப் போன்றவர்கள் சொல்வதோடு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு ஆவணம் வாங்கி எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். காகிதம் கையில் இருந்தால் விளம்பரப் பிரிவு வந்து பேசும்போது ஆசிரியரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அணைக்கட்டு, ஒரு தாய்: பாலியல் வழக்கில் பிள்ளை பெயரை மறைத்துவிட்டு, அப்பா பெயர், பள்ளி எல்லாம் போடுகிறார்களே?

சட்டப்படி தவறு அம்மா. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் தடுக்கிறது. ஊர்ப் பெயரும் அப்பாவின் தொழிலும் போதும், கிராமத்தில் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

திருப்பத்தூர், வாசகர்: நாட்றம்பள்ளியை ‘நம் மாவட்டம்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் தனி மாவட்டமாகி எவ்வளவு நாளாச்சு!

தவறுதான். 2019 நவம்பரிலேயே பிரித்தாகிவிட்டது, பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். பழைய வரியை அழிக்கவில்லை, பக்கத்திலேயே திருத்தம் போட்டிருக்கிறேன். வேறு ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.